ஆட்டுக்கல் குழவியும் அடுத்த வீட்டு அக்காவும்

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சமயம். கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய். பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு கொய்யா மரமுமாகப் பொடக்காளி. வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றி நானும் கணவரும் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. ஆனால் லைன் வீட்டில் ஒருவர் கவலைப்படாவிட்டால் அதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். அப்பா அந்தியூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். நான் பட்டப்படிப்புக்குக் கோவை வந்தபோது, "இனிமே நம்ம வம்சத்துல ஆரும் தூக்கற பொழப்புப் பொழைக்க வேண்டியதில்ல கண்ணு" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். கல்லூரிக்குப் போய் நான் முதலில் பெயர் வாங்கியது இரும்புக் குண்டைத் தூக்கி எறிந்ததில்தான். உடம்பு அப்படி. விளையாட்டு ஆசிரியை என்னைப் பார்த்ததுமே கையில் குண்டைக் கொடுத்துவிட்டார். மூன்று வருடமும் பரிசு வாங்கினேன். பரிசு வாங்கிய போட்டிகளைப் பற்றி மட்டும் வீட்டுக்குச் சொல்வேன். மற்றதைப் பற்றி மூச்சு விடமாட்டேன். படித்த பெண் எதிலும் தோற்காது என்று அப்பா சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதைக் காப்பாற்றுவது என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு அசைவதே நின்றுவிட்டது. கணவர் பம்ப் செட் கம்பெனியில் ஃபிட்டர். நான் ஒரு டியூஷன் சென்டரில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். உட்கார்ந்தே இருக்கிற பொழுது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கை கால் எல்லாம் யாருடையதோ போல மெத்தென்று ஆகிவிட்டிருந்தது.

அது மகளிர் காவல் நிலையங்கள் ஊருக்கு ஊர் வந்துகொண்டிருந்த காலம். பெண் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டேன். வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அது கடைசி வாய்ப்பு. ஓட்டத்தையும் நீளம் தாண்டுவதையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றியது. குண்டு எறிவதில்தான் மற்றவர்களைத் தாண்டிப் போக முடியும். ஆனால் அந்தக் கை இப்போது ஒரு குடத்தை இடுப்பில் வைத்தாலே வலிக்கிற கை.

கணவரிடம் சொன்னேன். "பண்ணு புள்ள. ஆனா எங்கம்மா காதுக்குப் போக வேண்டாம். கனமா எதையாச்சும் தூக்கறேன்னு தெரிஞ்சா, புள்ளை தங்காதுன்னு ஊரைக் கூட்டிருவாங்க" என்றார். நானும் யாரிடமும் சொல்வதாக இல்லை. காரணம் மாமியார் மட்டும் இல்லை. சொல்லிவிட்டுத் தோற்றால்? குழாயடியில் ஆளாளுக்கு விசாரிப்பார்களே. அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் லைன் வீடு அடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், இருக்கிறவர்கள் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சென்னிமலைப் போர்வையைத் தரையில் விரித்து, கல்லூரியில் செய்ததையெல்லாம் ஒரே மூச்சில் செய்தேன். பஸ்கி எடுத்தேன். தண்டால் எடுக்கப் போய் மார்பு தரையில் போய் விழுந்தது. மறுநாள் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. துவைக்கிற கல்லின் முன் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடம்பு என்னை மறந்துவிட்டது, நான்தான் அதை மறக்காமல் இருக்கிறேன் என்று புரிந்தது. அதற்குப் பிறகு புத்தியாகத் தொடங்கினேன். சுவரில் கையை ஊன்றித் தண்டால், பிறகு திட்டில் ஊன்றி, பிறகு தரையில். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோலப் பஸ்கி. எண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கினேன். கொஞ்ச நாளில் டின் போதவில்லை.

பொடக்காளியில் கொய்யா மரத்தடியில் ஒரு ஆட்டுக்கல் கிடந்தது. வீட்டுக்காரம்மா கிரைண்டர் வாங்கியதிலிருந்து அதை யாரும் தொடுவதில்லை. ஒரு மத்தியானம் அதன் குழவியை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தேன். இரும்புக் குண்டைவிடக் கனம். வழுவழுவென்று கையில் நிற்கவில்லை. பழைய நூல் புடவையைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினேன். நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழுவேன். தோளில் சாத்திக்கொண்டு மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்குமாக நடப்பேன். ஒரு தோள் வலித்தால் மறு தோளுக்கு மாற்றுவேன். கடைசியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பேன். உணவு அரைக்கிற கல் என்பதால் முடித்ததும் கழுவித் துடைத்து, கால் பட்டிருந்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் இடத்திலேயே வைப்பேன். சத்தம் கேட்டு யாரும் வந்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கித்தான் விடுவேன்.

அடுத்த வீட்டு அக்கா மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முறையில் வேலை. காலை ஷிஃப்ட் வந்தால் மத்தியானமே வீடு திரும்பிவிடுவார். அந்த வாரம் அவருக்குக் காலை ஷிஃப்ட் என்பதை நான் கவனிக்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த தட்டிக்கு மேலாக அவர் என்னைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் இல்லை, பல நாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனேன். அக்கா ஓடி வந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க உடுங்க அம்மணி. நான் கொண்டாந்து வெக்கறேன்."

"ஏனுங்க்கா, எனக்குக் கை இல்லீங்களா?"

"இருக்குதுங்க, அது பத்தரமா இருக்கட்டும்."

மறுமுறை தண்ணீர் வந்தபோது இன்னொரு பெண் பிடுங்கிக்கொண்டார். தோளுக்குப் பலம் சேர்க்க நான் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறேன், வீட்டு வாசலில் எனக்குத் தானாக வந்த குடத்தைத் தூக்க விடமாட்டேன் என்கிறார்களே என்று இருந்தது. அக்கா ஒரு நாள் மாதுளம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். "ராவுக்கு வேண்டாம், வெறும் வயித்துல உண்ணுங்க" என்றார். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். ஒருவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வீட்டுக்காரம்மா, வெள்ளிக்கிழமை தோறும் அரச மரத்தைச் சுற்றினால் நல்லது என்று, என்னிடம் சொல்லாமல் என் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தெரிந்தது. நான் படித்தவள் என்று அவர்களுக்குப் பொறாமை என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். டியூஷனுக்குப் போகும்போது நேரே பார்த்துக்கொண்டு போனேன். மாதுளம்பழங்களைக் கணவருக்கு உரித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த லைனில் கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, தொட்டில் கட்டும் நாள் வந்தது. குழந்தையைப் பெற்ற பெண்ணே குங்குமச் சிமிழோடு வந்து, "நீங்க அவசியம் வரோணுங்க" என்று கூப்பிட்டாள். எனக்கு ஆச்சரியம். பிள்ளை இல்லாதவர்களை இந்த மாதிரி விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் முன்னால் நிறுத்துவதில்லை. பின்னால் சாம்பார் வாளியோடு நிற்கலாம். நான் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, பின்னால் நிற்பது என்ற முடிவோடு போனேன்.

எங்கள் பக்கத்தில் தொட்டிலில் முதலில் குழந்தையைப் போடுவதில்லை. அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, குழந்தையின் சட்டையை மாட்டி, அதைத்தான் முதலில் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். கல்லைப்போலக் குழந்தை கெட்டியாக இருக்கவேண்டும் என்பார்கள். உத்தரத்திலிருந்து புடவைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தாம்பாளத்தில் அந்தக் குழவி, மையிட்டுத் திருஷ்டிப் பொட்டோடு, நிஜமாகவே ஒரு கறுப்புக் குழந்தையைப் போலப் படுத்திருந்தது.

அடுத்த வீட்டு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"அம்மணிதான் எடுத்துப் போடோணும்."

வீட்டுக்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "புள்ளை பெத்தவ எடுத்துப் போடறதுதானுங்க வழக்கம்?"

"அந்த வழக்கத்தை நானும் பாத்துட்டு வந்தவதானுங்க. இன்னைக்கு அம்மணி போடட்டும். புள்ளையோட அம்மாகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் சொல்றேன்."

குழந்தையின் அம்மா தலையாட்டினாள். அக்கா என் காதோடு வாயை வைத்துச் சொன்னார்: "நீங்க தெனமும் பொடக்காளில கல்லை மார்ல போட்டுக்கிட்டு நடக்கறது எனக்குத் தெரியும் அம்மணி. துணி சுத்தி, தோள்ல சாச்சு... இந்தக் கல்லு உங்களுக்குக் குடுக்காம உடாதுங்க."

ஒரு கணம் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. குடம், மாதுளம்பழம், பெருமூச்சு, அரச மரம். நான் குழவியைக் கழுவித் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை எல்லாம் இவர் பார்த்திருக்கிறார். பிள்ளை வேண்டி ஏங்குகிற ஒருத்தி கல்லைப் பிள்ளையாக வைத்துக் கொஞ்சுகிறாள் என்று லைன் முழுக்க நம்பியிருக்கிறது. குழவி என்றால் குழந்தை என்றும் ஒரு பொருள் உண்டு என்று தமிழ் வகுப்பில் நான் படித்தவள். அவர்கள் படிக்காமலே அந்தப் பொருளைத்தான் எடுத்திருந்தார்கள்.

முகமெல்லாம் சுட்டது. 'இல்லைங்க, நான் உடற்பயிற்சி செய்தேன்' என்று அந்த இடத்தில் சொன்னால், எனக்காக வழக்கத்தை மறுத்துச் சண்டைக்கு நின்ற அக்காவின் முகம் என்ன ஆகும்? சொல்லாமல் போட்டால் நான் ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டவள் ஆவேன். எதையும் முடிவு செய்யாமலே குனிந்தேன். மற்ற பெண்கள் இரண்டு கையாலும் 'அம்மாடி' என்று எடுக்கிற கல். எனக்கு அது ஒரே கையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை என் உடம்புதான் செய்தது. ஏறக்குறைய இரும்புக் குண்டின் கனம், கையில் அதே குளிர்ச்சி. கை தானாக மடங்கிக் கல்லைக் கழுத்தோரத்தில் பதித்தது. முழங்கை வெளியே விரிந்தது. முழங்கால் மடங்கியது. இடது கை தொட்டிலை நோக்கி நீண்டது.

தாலாட்டுப் பாட வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குழந்தையின் அம்மாதான் முதலில் கத்தினாள்.

"அய்யோ அக்கா, போடத்தானுங்க சொன்னாங்க, எறிஞ்சு போடாதீங்க!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன அம்மணி நிக்கற நெலை?"

"குண்டு எறியறதுங்க" என்றேன். அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"என்ன குண்டு? துப்பாக்கிக்குள்ள போடறதுங்களா?"

"இல்லீங்க்கா. இரும்புக் குண்டு. கையில எறியறது. போலீஸ் வேலைக்குப் பரீட்சை வெப்பாங்க. அதுக்குத்தான் பொடக்காளில..."

"அப்ப அந்தக் கல்லு?"

"பலத்துக்குத் தூக்குனேனுங்க."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவி அறை முழுக்கச் சிரிப்பானது. சட்டை போட்ட கல்லைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கல்லை வாங்கித் தொட்டிலில் வைத்து, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டு ஆட்டினார். பிறகு குழந்தையைப் போட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் வீட்டுக்காரம்மா ஆரம்பித்தார். "புள்ளை பெக்கற வயசுல இத்தனை கனத்தைத் தூக்கலாமுங்களா? கர்ப்பப்பை எறங்கிப் போயிருமல்லோ. படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா?"

நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இது இன்னும் இரண்டு வாய் தாண்டினால் மாமியார் காதுக்குப் போய்விடும், அத்தோடு எல்லாம் நின்றுவிடும். அக்கா பாயிலிருந்து எழுந்தார்.

"ஏனுங்க, நாம தெனமும் தூக்கற குடம் என்ன பஞ்சுலயா பண்ணியிருக்குது? புள்ளை வயித்துல இருக்கறப்பவும் தூக்குனோம், பெத்துப்போட்டும் தூக்குனோம். அப்பவெல்லாம் எறங்காத கர்ப்பப்பை, அம்மணி உத்தியோகத்துக்குத் தூக்குனா மட்டும் எறங்கிருமாக்கும்?"

வீட்டுக்காரம்மா, "நான் நல்லதுக்குச் சொன்னேனுங்க" என்று முனகிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசுகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "எங்கிட்டக்கூடச் சொல்லலையே அம்மணி" என்றார். அதில் கோபம் இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்ததாம். சொந்த நாத்தனார் வீட்டுத் தொட்டிலுக்குப் போனபோது கையில் ஒரு டம்ளர் பாயசத்தைக் கொடுத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். "நீங்களும் அப்பிடி நின்னு போடக்கூடாதுன்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு மட்டும் சிக்கலாப் போச்சு. போன வாரம் சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரையாக் கொடுமுடி போனப்ப உங்களுக்குன்னு சாமிகிட்ட ஒரு வேண்டுதலை வெச்சுப்போட்டேன். இப்ப என்ன பண்றது?" என்றார்.

நான் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைப்பதற்குள் அவரே சொன்னார்.

"சரி உடுங்க. அடுத்த தடவை போறப்ப உத்தியோகத்துக்குன்னு மாத்திச் சொல்லிப்போடறேன். சாமிக்குப் புரியாதுங்களா?"

இருவரும் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் எனக்கு எதுவோ இளகியது. நான் அவரிடம் வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "தூக்க வந்துருச்சுங்க்கா. எறிய வருமான்னு தெரியலீங்க. எறிஞ்சு பாக்கவே இல்லை."

உண்மை அதுதான். மறைவாகத் தூக்கலாம். மறைவாக எறிய முடியாது. அதற்கு வெட்டவெளி வேண்டும், விழுகிற சத்தத்தை நாலு பேர் கேட்பார்கள், விழுகிற இடத்தை நாலு பேர் பார்ப்பார்கள். அதற்காகவே அந்தப் பகுதியை நான் நாளை நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

"மில் காம்பவுண்டுக்குப் பொறகால காலி எடம் கெடக்குது. நீங்க டியூஷன் முடிச்சு வந்ததும் பொழுதோட போலாம்" என்றார் அக்கா.

குண்டுக்குக் கணவர் வழி செய்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் பவுண்டரியில் இருந்தார். வார்ப்பு சரியாக வராமல் ஒதுக்கிப்போட்ட ஒரு இரும்பு உருண்டையை அவரிடம் வாங்கி, கம்பெனி லேத்தில் கடைந்து சரியான எடைக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் லேசாகச் சொட்டை. அதைப் பையில் போட்டுக்கொண்டு நானும் அக்காவும் கிளம்பினோம். வாசலைத் தாண்டுவதற்குள் குழந்தையின் அம்மாவையும் வீட்டுக்காரம்மாவையும் தவிர லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் பின்னால் வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கோடு கிழித்து நின்றேன். அத்தனை கண்ணும் என் முதுகில். எறிந்தேன். குண்டு எனக்குக் கொஞ்ச தூரத்திலேயே தொப்பென்று விழுந்தது.

"இதுக்கா அம்மணி இத்தனை நாளு கல்லைச் சொமந்தீங்க?" என்றார் அக்கா. "நானே துப்புனா இதைத் தாண்டி உளும்."

மறுபடி எறிந்தேன். அதே இடம். கையில் பலம் இருந்தது. ஆனால் இத்தனை நாளும் நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கவே பழகிய கை, விடவேண்டிய நேரத்தில் விடவில்லை. மூச்சும் அப்படியே. சத்தம் வராமல் அடக்கி அடக்கி, எறிகிற நேரத்திலும் உள்ளேயே நின்றது. கல்லூரியில் எறியும்போது பெரிதாகக் கத்துவோம். அந்த மூச்சு வெளியே வந்தால்தான் கையும் வெளியே வரும். இங்கே இத்தனை பேர் முன்னால் கத்த வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"கத்தறதுதானே? மொதல்ல நாங்க கத்தறோம்" என்று ஒரு பெண் ஊளையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மில் காவலாளி காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூச்சலுக்குள் என் சத்தத்தையும் ஒளித்துவைத்து எறிந்தேன். குண்டு தூரப் போய் விழுந்தது. அக்கா ஓடிப்போய் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து எடுத்துவந்தார்.

அதன் பிறகு மழை இல்லாத நாளெல்லாம் பொழுதோடு போவது வழக்கமானது. குடத்தை இப்போது யாரும் பிடுங்கவில்லை. சொல்லப்போனால், "பலத்துக்கு ஆகுமுங்க" என்று தங்கள் குடத்தையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஒரு நாள் வீட்டுக்காரம்மாவே வந்தார். சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடுங்க, அப்பிடி என்னதான்னு பாப்போம்" என்று கையை நீட்டினார். எறிந்த குண்டு அவர் காலடியிலேயே விழுந்தது. "பாத்துங்க, எறங்கிப் போயிரும்" என்று அக்கா சொன்னதும், வீட்டுக்காரம்மா சிரித்துச் சிரித்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமியாருக்கும் சேதி போனது. கணவர் ஊருக்குப் போய் என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வந்து, "அம்மா ஒண்ணும் சொல்லல. ராகி மாவு குடுத்து உட்டுருக்காங்க" என்றார்.

தேர்வு நாளன்று அக்கா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மைதானத்துக்குள் அவரை விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே, மற்ற பெண்களின் அப்பாக்களும் அண்ணன்களும் நின்ற கூட்டத்தில் நின்றுகொண்டார். ஓட்டம் முடிந்தது. நீளம் தாண்டுவதில் மணலில் குப்புற விழுந்தும் அளவில் தேறிவிட்டேன். குண்டு எறிதல் கடைசி. மூன்று வாய்ப்பு. முதல் எறிதலில் கால் வட்டத்தைத் தாண்டிவிட்டது, செல்லாது என்றார்கள். இரண்டாவதில் அந்தப் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குண்டு குறிக்கு முன்னாலேயே விழுந்தது.

மூன்றாவதுக்கு என் பெயர் வரும்வரை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மனம் பழைய வேலையைச் செய்தது. வீட்டுக்குப் போய் என்ன சொல்லலாம்? அளவெடுத்தவர் சரியில்லை என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தார். இரண்டு எறிதலையும் பார்த்துவிட்டார். அவரிடம் சொல்ல எந்தக் கதையும் இல்லை. அந்த நினைப்பில் பயப்படுவேன் என்று நினைத்தேன். ஆச்சரியமாக, நெஞ்சு லேசானது. நான் தோற்பதை ஒருவர் முழுதாகப் பார்த்துவிட்டார், பார்த்த பிறகும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்.

பெயர் வந்தது. வட்டத்துக்குள் போனேன். குண்டைக் கழுத்தில் பதித்தேன். முழங்கால் மடங்கி எழுந்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கை முழுதாக நீண்டு குண்டை விட்டது. குண்டு எங்கே விழுந்தது என்று நான் பார்ப்பதற்கு முன்பே வேலிப் பக்கமிருந்து ஊளைச் சத்தம் கேட்டது. அளவு நாடாவைப் பிடித்திருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து, "அது யாரும்மா, உங்க அக்காவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

சில மாதங்களில் வேலைக்கு உத்தரவு வந்தது. பயிற்சிக்குப் போனேன், இப்போது காக்கி உடுத்திக்கொண்டு வேறொரு ஊரில் இருக்கிறேன். அதற்காகப் பெருமைப்படுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது அந்த உத்தரவு முதலில் நினைவுக்கு வருவதில்லை. யாருக்கும் தெரியாமல் ஜெயித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நடந்த அந்த மத்தியானங்கள்தான் வருகின்றன. எத்தனை பேர் எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாமலே எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன்! இன்றும் புதிதாக எதையாவது தொடங்கும்போது, தோற்றால் தெரிந்துவிடுமே என்று அதே பழைய பயம் வரத்தான் செய்கிறது. அது வந்த உடனே, அது என்னைத் தடுப்பதற்குள், பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது போய் முதலில் சொல்லிவிடுகிறேன்.